லேப் அக்காவும் எண்பத்திரண்டு டிகிரியும்

எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவரை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்களும் அப்படித்தான். சம்பளப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். நான் பக்கத்து அறையில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருந்தேன். இரண்டு அறைக்கும் நடுவே தள்ளித் திறக்கிற கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த ஜன்னல் வழியாக வந்ததுதான்.

அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். நரம்பு பிடிபடாத நோயாளிகளை வார்டிலிருந்து அவரிடம் அனுப்புவார்கள். மற்றவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்த கையை வாங்கி மேஜை மேல் வைத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் மேல் போட்டுவிட்டு, தன் வேலையைப் பார்ப்பார். பத்து நிமிஷம் கழித்து வந்து ஒரே குத்து. அவ்வளவுதான். ரிசல்ட்டைக் கையில் வாங்கியவர்கள் நல்லா இருக்கா என்று கேட்டால், நம்பர் எழுதியிருக்கிறது, டாக்டர் பார்த்துச் சொல்வார் என்பார். பயப்படாதீங்க என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பயப்படுங்க என்றும் சொன்னதில்லை.

ரத்த மாதிரிகளை முப்பத்தேழு டிகிரி சூட்டில் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் முப்பத்தேழு என்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அவர் அதை நம்ப மாட்டார். தினமும் காலையில் தனியாக ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஒரு தடவை தொட்டி முப்பத்தேழு என்று காட்ட, தெர்மாமீட்டர் முப்பத்துநாலு என்றது. முந்தின இரண்டு நாள் செய்த பரிசோதனை அத்தனையையும் அவர் திரும்பச் செய்தார். சூப்பிரண்டுக்குக் கோபம். அக்கா கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பற்றி யாரும் கேலி பேசியதில்லை.

அவர் கணவர் வாடகைக் கார் டிரைவர். வெளியூர்ச் சவாரிதான் அதிகம். மாசத்தில் ஆறு நாள், ஏழு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அந்த நாட்களிலும் பாதி நேரம் தூங்குவார். மகளைப் பள்ளியில் சேர்த்தது, காய்ச்சலுக்குப் பார்த்தது, கல்லூரிக்கு ஊர் மாற்றி அனுப்பியது, வேலை கிடைத்து அவள் வேறு நகரத்துக்குப் போனபோது பெட்டி கட்டியது எல்லாம் அக்காதான். எங்களுக்குச் சண்டை போடவே நேரம் கிடைச்சதில்ல என்று ஒரு தடவை சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா நிறைவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்தது. அப்போது அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று பேர். பெரிய ரோட்டில் நல்ல வேகம். வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவி மடியில் விழுந்ததாம். இடது கையால் வண்டியை ஓரம் கட்டி, நிறுத்தி, நான்கு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள், மனுஷன் ஒதுங்கப் போகத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு கொஞ்சம் இழுத்தது, பிறகு தெளிந்தது. வலது காலும் ஓரளவு வந்தது. வலது கைதான் வரவில்லை. முதல் வருஷத்தில் எது திரும்புகிறதோ அதுதான், அதற்குப் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கும் இடம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள். வீட்டில் டிரைவரின் சொந்தக் கார் ஒன்று நின்றது. யாரோ ஒரு முதலாளியிடம் பத்து வருஷம் ஓட்டி, கடைசியில் அவரிடமே வாங்கிய பழைய வண்டி. அக்கா ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இருபத்திரண்டு நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்தார். பக்கத்து சீட்டில் டிரைவர் உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதிப்பார். அக்கா ரோட்டையே பார்த்து ஓட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து வரும்போது பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவர் நிறுத்து என்றார். இவர் நிறுத்தினார். முக்கால் மணி நேரம் நிழலில்லாத இடத்தில் நின்றார்கள். ஆறியதும் கொஞ்ச தூரம் ஓட்டுவது, முள் ஏறினால் நிறுத்துவது, மறுபடி ஓட்டுவது என்று ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்த்தார். டிரைவரிடம் பத்து வருஷமாக அண்ணே அண்ணே என்று பழகியவர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இரண்டு நாள் கூடவே இருந்தவர். தண்ணீர் ஊற்றினார், இன்ஜினை ஓடவிட்டார், முள் ஏறுவதைப் பார்த்தார். இன்ஜினின் மேல் மூடியான ஹெட் போய்விட்டது, முழுசாக இறக்கிப் பிரிக்க வேண்டும், ஷெட்டில் ஏற்கெனவே ஐந்து வண்டி வரிசையில் நிற்கிறது, எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் என்றால் ஆறு தடவை பயிற்சி போய்விடும். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் பொறு தம்பி, யோசிச்சுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டார்.

அன்று மகளிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். மகள் சில வீடியோக்களை அனுப்பிவைத்தாள். அக்கா மூன்று வீடியோ பார்த்தார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வந்து, பானெட்டைத் திறந்தார். கார் வீட்டு வாசலில், தகரக் கூரை போட்ட சின்ன நிறுத்தத்தில் நின்றது. வீடியோக்களில் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட விஷயங்களை முதலில் பார்த்தார். இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகியிருக்கிறதா? இல்லை. பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா? இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் அடிக்கிறதா? இல்லை. ஹெட் போயிருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது தெரிய வேண்டும். பிறகு இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகிற மேல் குழாயில் ஒரு தெர்மாமீட்டரைப் பஞ்சு வைத்துத் துணியால் கட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டார். முள் நடுவைத் தாண்டி மேலே ஏறியது. குழாய் முப்பத்தொரு டிகிரியிலேயே நின்றது. உள்ளே கொதிக்கிறது, வெளியே ஆறப்போக வேண்டிய தண்ணீர் கிளம்பவே இல்லை. நடுவில் இருக்கிற தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறக்கவில்லை.

இவ்வளவையும் நோட்டில் எழுதிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் படித்துக் காட்டினார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப அந்த வால்வுதான். கழட்டி வீசிரு."

"வீசிட்டு?"

"வீசிட்டு என்ன. அது இல்லாம ஓட்டு. நான் எந்த வண்டி எடுத்தாலும் முதல் வேலையா அதைத்தான் கழட்டுவேன். இதுல முதலாளி விடல, அதான் இருக்கு."

அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, குளிர்ந்தே ஓடும், அதுவும் கெடுதல்தான் என்றார். சூடானால்தானே பிரச்சினை, குளிர்ந்தால் என்ன என்றார் அவர். சூடு எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருக்கணும், கூடினாலும் தப்பு குறைஞ்சாலும் தப்பு என்றார் இவர். பேச்சு வளர்ந்தது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இவ்வளவு நேரம் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் சொல்றேன்."

"நீங்க ஓட்டினீங்க. நான் சூடு பார்த்திருக்கேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் எழுவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் அக்கா கைகொடுக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தால் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஒரு கடையில் அந்த வண்டிக்கான வால்வை வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். நடுவில் ஒரு செப்புக் குமிழ், சுற்றி ஸ்பிரிங், மேலே ஒரு தட்டு. தட்டில் எண்பத்திரண்டு என்று குத்தியிருந்தது. எண்பத்திரண்டு டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் எழுபதைத் தொடும்போதே வால்வு திறந்துவிட்டது. ஆறவைத்து மறுபடி செய்தார். எழுபது. மூன்றாவது தடவை எழுபத்தொன்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பயிற்சிக்கு ஒரு வாடகை கார் பிடித்தார். அது இரண்டாவது நாற்சந்தி வரைக்கும்தான் போனது. வண்டியை ஓட்டிய ஆள் இரண்டாம் கியரில் போட வேண்டிய இடத்தில் நான்காம் கியரில் இழுக்கிறான் என்று டிரைவர் சொல்ல, அந்த ஆள் திருப்பி ஏதோ சொல்ல, சிக்னலில் நின்றபோது இவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஒரு கால் சரியாக வராத மனுஷன் நடு ரோட்டில் ஊன்றுகோலோடு நிற்கிறார். அக்கா பின்னாலேயே இறங்கி, அவரை ஓரத்துக்குக் கூட்டி வந்து, வேறு வண்டி பிடித்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். அன்றைய பயிற்சி போனது போனதுதான்.

சனிக்கிழமை காலையில் வால்வை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. லேபில் ரிசல்ட் எழுதுகிற அதே வரிசையில் எழுதியிருந்தார்: மாதிரி, தெர்மோஸ்டாட். இருக்க வேண்டியது, 82. கண்டது, 70, 70, 71. கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், இதை வேகவெச்சுப் பார்த்தேன்னு யாரும் வந்ததில்லை என்றார். அக்கா சீட்டைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரர் வேறு இரண்டைக் கொடுத்து, வேகவைத்துப் பார்த்துச் சரியாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று மத்தியானம் மறுபடி அடுப்படியில் தண்ணீர் ஏறியது. டிரைவர் வந்து சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றார். மூன்று நாளாகப் பேச்சு குறைவு. தண்ணீரில் சின்னக் குமிழ்கள் வர ஆரம்பித்தன. எண்பது. எண்பத்தொன்று. அவர் ஒரு அடி முன்னால் வந்தார். எண்பத்திரண்டரையில் தட்டு மெதுவாகக் கீழே இறங்கி, வட்டமாக ஒரு இடைவெளி விட்டது. தண்ணீர் சூடேற இடைவெளி அகலமானது. அக்கா அடுப்பை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக மூடிக்கொண்டது.

"இன்னொரு தரம் வை" என்றார் அவர்.

அக்கா வைத்தார். அவர் பாத்திரத்துக்கு மேலே குனிந்து, ஆவி முகத்தில் படப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பது வண்டியில கழட்டியிருப்பேன். இது திறக்கும்னு தெரியும். திறக்கிறதைப் பார்த்ததே இல்ல."

அதற்காக அவர் கட்சி மாறவில்லை. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தேவையில்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பமானது. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. அக்கா கணவரின் பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டார். ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தார். செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி வந்தது. அதிலும் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொண்டார், பழக்கதோஷம். மேல் குழாயின் கிளிப்பைப் பிளையரால் நெருக்கித் தள்ளிவிட்டு, குழாயை இப்படியும் அப்படியும் திருகி உருவினார். வால்வு இருக்கும் மூடி தெரிந்தது. இரண்டே போல்ட். ஒன்று ஸ்பேனர் வைத்ததும் சுழன்று வந்தது. இன்னொன்று அசையவில்லை.

நாற்காலியில் இருந்த டிரைவர் சுத்தியலால் ஸ்பேனரை ஒரு தட்டு தட்டச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். தலை முறிந்தால் உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், அவர் இன்ஜினை இறக்க வேண்டும் என்பார். போல்ட்டைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கெட்டிலில் வெந்நீர் போட்டு, துணியை நனைத்துப் பிழிந்து அதன் மேல் சுற்றினார். சுற்றிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தார். அசையவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி வெந்நீர்த் துணி. சமையலை முடித்தார். அசையவில்லை. டிரைவருக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்கு ஒத்தடம் கொடுத்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அக்கா மூன்றாவது தடவையும் துணியைச் சுற்றினார். பதினொன்றரை மணிக்கு ஸ்பேனரை வைத்து மெதுவாக அழுத்தியபோது, ஒரு சின்ன முனகலோடு அது அரைக்கால் சுற்றுத் திரும்பியது. அங்கிருந்து ஐந்து நிமிஷ வேலை.

பழைய வால்வு வெளியே வந்தது. இறுக மூடிய நிலையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அதையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்றைந்து வரை ஏற்றியும் அது வாயைத் திறக்கவில்லை. நோட்டில் அதையும் எழுதிவிட்டு, வால்வைக் கணவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூடி உட்காரும் இடத்தில், தண்ணீர் கசியாமலிருக்க நடுவில் வைக்கிற பழைய கேஸ்கெட் தோலாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கீறல் விழக்கூடாது என்று பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினார். பிறகு புது வால்வை ஸ்பிரிங் உள்பக்கமாகப் பார்க்க வைத்தார். வால்வின் தட்டு ஓரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் குச்சி உண்டு. அது பக்கவாட்டில் இருந்தது.

"அந்தக் குச்சி மேல வரணும்" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் கழட்டித்தானே வீசினீங்க?"

"கழட்டும்போது எல்லாத்துலயும் மேலதான் இருந்துச்சு."

அக்கா குனிந்தபடியே சிரித்தார். வால்வைத் திருப்பிக் குச்சியை மேலே கொண்டுவந்தார். புது கேஸ்கெட்டை வைத்து, மூடியைப் பொருத்தி, இரண்டு போல்ட்டையும் கையால் திருகினார். ஸ்பேனரால் ஒன்றை முடுக்கி முடித்தார்.

அப்போது டிரைவர் கையை நீட்டினார். ஸ்பேனரைக் கேட்கிறார் என்று புரிய அக்காவுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. கொடுத்தார். அவர் எழுந்து வந்து, இடுப்பை வண்டியில் முட்டுக்கொடுத்து, இடது கையால் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார். பிறகு வலது கையை இடது கையாலேயே தூக்கி, ஸ்பேனர் மேல் வைத்தார். அந்தக் கையை அவர் அதுவரைக்கும் யார் முன்னாலும் எதற்கும் வெளியே எடுத்ததில்லை. பயிற்சி கொடுக்கிற இடத்தில்கூட மடியில் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். ஸ்பேனர் நழுவி இரண்டு தடவை கீழே விழுந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தார். கால் கால் சுற்றாக அந்த ஒரு போல்ட்டை முடுக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கடைசியில் போதுமா என்று அவர் கேட்டார். போதும் என்றார் அக்கா.

குழாயை மாட்டி, கிளிப்பைப் போட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ரேடியேட்டரில் ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டார். மெக்கானிக் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று விசாரிக்க வந்திருந்தார். திறந்த பானெட்டையும் அக்காவின் கையையும் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்.

முள் நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. சிவப்பை நோக்கிப் போனது.

அக்கா இன்ஜினை அணைத்தார். மெக்கானிக் அப்பவே சொன்னேனே என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்ததாம், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அக்கா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எந்த நம்பரிலும் தப்பில்லை. தப்பு நம்பரில் இல்லாவிட்டால் வேறு எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறு தடவை பயிற்சி போகப்போவதை நினைத்தார். நான் யாரு இதைப் பிரிக்கறதுக்கு என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது என்றார்.

வெளியே டிரைவரின் குரல் கேட்டது. மெக்கானிக்கிடம் ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. உள்ள காத்து நிக்குது. மூக்கைத் தூக்கி நிறுத்தணும்."

பாதி தண்ணீர் இறக்கிய வண்டியில் புதிதாக ஊற்றும்போது இன்ஜினுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும், வால்வு இருக்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால் அதற்குச் சூடே தெரியாது, திறக்காது. மலை ரோட்டில் எத்தனையோ தடவை ரேடியேட்டர் காய்ந்து தண்ணீர் ஊற்றியவர், இது அவருக்குத் தெரியும். இன்ஜின் ஆற ஒரு மணி நேரம் விட்டார்கள். தெருக்கோடியில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. மெக்கானிக்கும் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முன்பக்கம் மேலே இருக்கிற மாதிரி நிறுத்தினார்கள். டிரைவர் ஊன்றுகோலோடு பின்னாலேயே வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, உள்ளே ஹீட்டரை முழுசாகப் போட்டு, இன்ஜினை ஓடவிடச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு குபுக் என்று ஒரு பெரிய குமிழ். இன்னொன்று. தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது. அக்கா ஊற்றிக்கொண்டே இருந்தார். மறுபடி குமிழ், மறுபடி ஊற்று. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் குமிழ் நின்றது. மூடியைப் போட்டார்கள்.

அக்கா மேல் குழாயில் விரலை வைத்துக் காத்திருந்தார். ஆறிக் கிடந்த குழாயில் ஒரு கணத்தில் சூடு ஓடி வந்தது. கையை எடுத்துவிட்டார். முள் நடுவில் நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி நேரம். நகரவில்லை.

மெக்கானிக்கும் ஒரு தடவை குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹெட்டு நல்லாத்தான் இருக்குது போல, அக்கா."

"ஆமா தம்பி. டீ குடிச்சிட்டுப் போ."

அவ்வளவுதான் அந்த விஷயத்தில் அவர்கள் பேசிக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் அக்கா பானெட்டைத் திறந்து பார்த்தபோது, மூடியின் ஒரு ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. டிரைவர் முடுக்கிய போல்ட்டின் பக்கம். அவர் குளிக்கப் போகும்வரை அக்கா காத்திருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுத்து ஒரு கால் சுற்று வைத்தார். கசிவு நின்றுவிட்டது. துணியால் துடைத்துவிட்டு ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்தார். இதை என்னிடம் சொன்னபோது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனார்கள். பதினெட்டு கிலோமீட்டர் போக, பதினெட்டு கிலோமீட்டர் வர. வண்டி ஒன்றும் செய்யவில்லை. அங்கே பயிற்சி கொடுக்கிற பெண், கையில் பிடித்து அழுத்துவதற்கு ரப்பர் பந்தை எடுத்தபோது, டிரைவர் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சட்டைப்பைக்குள் வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அடுத்த வாரத்துக்குள் மெக்கானிக் ஒரு மரப்பலகையில் வெவ்வேறு அளவில் எட்டு போல்ட்டுகளை வரிசையாகப் பதித்துக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் எட்டையும் கழட்டுவது, சாயங்காலம் எட்டையும் முடுக்குவது. ஆரம்பத்தில் எட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அந்த வருஷக் கடைசியில் நாற்பது நிமிஷம். வலது கையால் சட்டைப் பொத்தான் போடுகிற அளவுக்கு வந்தார். தட்டைத் தூக்குவார். கையெழுத்து மட்டும் வரவில்லை; இடது கையால் புதிதாக ஒன்று பழகிக்கொண்டார். வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டரிடம் ஒரு தடவை கேட்டார். டாக்டர் கூடாது என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மெக்கானிக் சில மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். பைக்குள் மூன்று புது வால்வு. வேறு வேறு வண்டிக்கு வாங்கியது. மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். அக்கா பால் பாத்திரத்தை எடுத்தார். மூன்றில் ஒன்று தேறவில்லை. பிறகு அது வழக்கமாகிவிட்டது. அக்கா ரிசல்ட் எழுதுவார், மெக்கானிக் சீட்டை வாங்கிக்கொண்டு போவார். வால்வே தேவையில்லை என்று டிரைவர் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் வாதாடுவார். ஒரு கட்டத்தில் அதற்கென்றே மெக்கானிக் கொஞ்சம் முன்னதாக வர ஆரம்பித்தார். பால் காய்ச்சுவதற்கு அக்கா வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டார்.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், இருவரும் காரை எடுத்துக்கொண்டு மகள் இருக்கும் நகரத்துக்குப் போனார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் வாங்க, இல்லையென்றால் நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். இருவரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வழி முழுக்க எந்த இடத்தில் முந்த வேண்டும், எங்கே டீக்கடை, எங்கே ரோடு மோசம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தாராம். பாதி இடங்களில் ரோடே மாறிப்போயிருந்தது, கடைகளும் இல்லை. இருந்தாலும் சொன்னாராம். அக்கா கேட்டுக்கொண்டே ஓட்டினார். நீங்க இத்தனை வருஷமா எங்கெங்க சுத்திட்டு இருந்தீங்கன்னு இப்பத்தான் தெரியுது என்று நடுவில் ஒரு தடவை சொன்னாராம்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மகள் மாடியிலிருந்து ஓடி இறங்கி வருவதற்குள் டிரைவர் பானெட்டைத் திறக்கச் சொல்லியிருந்தார். அக்கா திறந்தார். இருவரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனாள்.